எனக்கு வரட்டும்

ஐப்பசி மழை பிடிப்பதற்கு முந்தைய ஒரு புழுக்கமான காலையில், உப்போடைப்பட்டி தவசியின் டீக்கடைப் பெஞ்சில் உட்கார்ந்து மினிலாரி வெயிலுமுத்து பீடியை ஆழமாக இழுத்து வெளியே ஊதியபோது அவருடைய வாயிலிருந்து வெறும் காற்று மட்டும் வந்தது. அதே நேரத்தில் இரண்டு தெரு தள்ளி, தீப்பெட்டி ஆபீசின் நீளமான தகரக் கொட்டகைக்குள் சம்மணம் போட்டு உட்கார்ந்து குச்சிகளைப் பெட்டியில் அடைத்துக்கொண்டிருந்த அவருடைய மனைவி குருவம்மாவின் வாயிலிருந்து புகை வந்தது.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த மாடத்தி மூக்கை உறிஞ்சிப் பார்த்துவிட்டு, "இது அண்ணாச்சி குடிக்கிற பீடி வாசமில்ல, மதினி?" என்றாள்.

"ஆமா, இந்நேரத்துக்கு டீ குடிக்க வந்திருப்பாரு" என்று சொல்லிவிட்டுக் குருவம்மா முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு அடுத்த பெட்டியை எடுத்தாள்.

உப்போடைப்பட்டியில் இது எப்படி நடந்தது என்று யாரும் மண்டையை உடைத்துக்கொள்ளவில்லை. அந்த ஊரின் அம்மனுக்குக் காதுகொடுத்தாள் என்று பேர். கழுத்தை இடப்பக்கம் சாய்த்து, சொளகுபோல அகலமான காதைக் காட்டிக்கொண்டு நிற்கும் கருங்கல் அம்மன். மனசுக்குள் வேண்டினால் அவளுக்குக் கேட்காது. கர்ப்பகிரக வாசலில் நின்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். வாய்விட்டுச் சொன்னால் பின்னால் நிற்கிறவர்களுக்கும் கேட்கும் என்பதால் அந்த ஊர் ஆண்கள் தங்கள் ஆசையையோ பயத்தையோ ஊருக்குக் காட்டிக்கொள்ள வெட்கப்பட்டு, தங்களுக்கு வேண்டியதையெல்லாம் பெண்டாட்டிகளை அனுப்பிச் சொல்லவைத்தார்கள். பெண்கள் உள்ளே போய் வேண்டுவார்கள், ஆண்கள் வெளியே வேப்பமரத்தடியில் நின்று செருப்புகளைப் பார்த்துக்கொள்வார்கள். தலைமுறை தலைமுறையாக அப்படித்தான். அந்தப் பெண்கள் எதைச் சொல்லி முடித்தாலும் கடைசியில் மூக்கைத் துடைத்துக்கொண்டு ஒரே வாக்கியத்தைச் சொல்லி முடிப்பார்கள்: "அவருக்கு வர்ற நோவெல்லாம் எனக்கு வரட்டும்."

வெயிலுமுத்து முந்தின வருஷம் ரத்தமாக இருமிக்கொண்டிருந்தபோது குருவம்மாவும் அதைத்தான் சொன்னாள். எல்லாரும் சொல்லுகிற அதே வாக்கியம்தான். ஆனால் சொல்லும்போது அவள் அதை நினைத்துச் சொன்னாள். அம்மன் அன்றைக்கு வேறு வேலையில்லாமல் இருந்தாளோ என்னவோ, கேட்டுவிட்டாள். ஒரே வாரத்தில் வெயிலுமுத்துவின் நெஞ்சு கழுவிவிட்ட குடம்போல ஆகிவிட்டது. அவரும் தவசி கடையில் சட்டைப் பொத்தானைத் திறந்து காட்டி, "முப்பது வருஷப் பீடி. ஒரு சத்தம் கேக்குதா பாரு. இரும்புய்யா இது" என்று தட்டிக் காட்டிக்கொண்டிருந்தார். அந்த இரும்பு எங்கிருந்து வந்தது என்று அவர் ஒரு நாளும் யோசிக்கவில்லை. இப்போது புகை இடம் மாறியதும்தான் ஊருக்கு விஷயம் விளங்கியது.

விளங்கியதும் ஊர் என்ன செய்தது என்பதுதான் சொல்லவேண்டிய கதை.

முதலில் தீப்பெட்டி ஆபீஸ் மேனேஜர் குருவம்மாவைக் கூப்பிட்டார். "இங்க பாரும்மா, இது தீக்குச்சி மருந்து இருக்கிற இடம், ஒரு பொறி பட்டாப் போதும். கேட்டுல ஆம்பளைங்க சட்டைப்பையத் தடவி பீடி இருக்கான்னு பாத்துட்டுத்தான் உள்ளயே விடுறோம். நீ இப்படிப் புகை விட்டா எப்படி? கொஞ்சம் வாய மூடிக்கோ."

"நான் விடலிங்க சார், அவரு விடுறாரு."

"யாரு விட்டா என்னம்மா, வருது உன் வாயிலதான?"

அவள் வாயை மூடிக்கொண்டாள். புகை மூக்கு வழியாக வந்தது. ஈரத்துணியைக் கட்டிக்கொள்ளச் சொன்னார்கள், கட்டிக்கொண்டாள். ஜன்னலோரம் தனியாக உட்காரச் சொன்னார்கள், உட்கார்ந்தாள். கடைசியில் வேலைக்கு வர வேண்டாம் என்று சொன்னார்கள். பதினாறு வயதிலிருந்து உட்கார்ந்த இடத்தை விட்டு எழுந்து, தன் சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனாள். பண்டல் ஏற்ற அதே ஆபீசுக்குத் தினமும் லாரியோடு போகிற வெயிலுமுத்துவுக்கு மேனேஜர் வணக்கம் சொன்னார், நாற்காலி போட்டார், மழை வருமா என்று கேட்டார். பீடியை விடுங்கள் என்று அவரிடம் யாரும் சொல்லவில்லை.

தெருப் பெண்கள் குருவம்மாவுக்கு இஞ்சிக் கஷாயம் வைத்துக் கொடுத்தார்கள், ஆடாதொடை இலையைக் கொண்டுவந்து கொடுத்தார்கள், கிராம்பு மெல்லச் சொன்னார்கள், ராத்திரி இடதுபக்கம் ஒருக்களித்துப் படுக்கச் சொன்னார்கள். அவள் வீட்டு முன் துணி காயப்போட்டவர்கள் புகை வாடை அடிக்கிறது என்று கொடியை மாற்றிக் கட்டிக்கொண்டார்கள். பால்காரர் அவள் வாயில் புகை வந்தால் வெயிலுமுத்து கடைத்தெருவில் இருக்கிறார் என்று தெரிந்துகொண்டு அங்கே போய்ப் பாக்கியைக் கேட்டார். கல்யாண வீட்டில் அவளைக் கடைசிப் பந்தியில் உட்காரவைத்தார்கள். ஊர் அவளைச் சுற்றி நகர்ந்து, ஒதுங்கி, வளைந்து, இடம் கொடுத்து, பழகிக்கொண்டது. ஒரு பீடி ஒரு பெஞ்சில் இருந்தபடியே இருக்க, அதற்காக ஓர் ஊரே தன்னைக் கலைத்து அடுக்கிக்கொண்டது. பீடியை விடுங்கள் என்று அவரிடம் யாரும் சொல்லவில்லை.

ஆண்களுக்கு அது ஒரு திருவிழாவாக இருந்தது. "அண்ணாச்சி, ரெண்டு சேத்து இழுங்க, மதினிக்கு எப்படி வருதுன்னு பாத்துட்டு வாரேன்" என்று ஒருவன் ஓடுவான். திரும்பி வந்து, "ரயில் மாதிரி வருதுண்ணே" என்பான். பெஞ்சே அதிரச் சிரிப்பார்கள். வெயிலுமுத்துவும் சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பிறகு எத்தனையோ தடவை நினைத்துப் பார்த்து, அது உண்மையிலேயே தன் தொண்டையிலிருந்துதான் வந்ததா என்று தன்னையே கேட்டுக்கொண்டார். ஆமாம், அதிலிருந்துதான் வந்தது.

வேறு சிலர் இதை வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போனார்கள். கல்லீரல் வீங்கிய ஒருவன், சர்க்கரை ஏறிய ஒருவன், புகையிலை அடக்கி வாயில் புண் வந்த ஒருவன் எல்லாரும் பெண்டாட்டிகளைக் குளிப்பாட்டி, பூ வாங்கிக் கொடுத்து, கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். அந்தப் பெண்களும் சொன்னார்கள். யாருக்கும் பலிக்கவில்லை. "நீ மனசு வச்சுச் சொல்லலடி" என்று வீட்டுக்கு வந்து அடித்தார்கள். தர்மகர்த்தா அய்யாச்சாமி கோயில் வாசலில் ஒரு பெரிய பேனர் வைத்தார். அதில் குருவம்மா கைகூப்பி நிற்க, அவள் தலைக்குப் பின்னால் ஒளிவட்டம்போலப் புகையை வரைந்திருந்தார்கள். வெளியூரிலிருந்து வேன் பிடித்து வந்தவர்கள் அம்மனைக் கும்பிட்டுவிட்டுக் குருவம்மாவின் வீட்டுக்கும் வந்தார்கள். அந்த நேரம் பார்த்து வெயிலுமுத்துவுக்குப் பீடி வாங்கிக் கொடுக்கத் தர்மகர்த்தா ஓர் ஆளையே வைத்தார்.

குருவம்மா இளைத்துக்கொண்டே வந்தாள். குடத்தை இடுப்பில் வைத்தால் இரண்டு எட்டுக்கு ஒருதரம் நின்றாள். இருமும்போது சுவரைப் பிடித்துக்கொண்டாள். ஒரு நாள் அவள் துப்பியதை அவள் மண்ணைத் தள்ளி மூடுவதற்குள் வெயிலுமுத்து பார்த்துவிட்டார். அந்தச் சிவப்பு அவருக்குத் தெரிந்த சிவப்பு.

அவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனார். டாக்டர் சின்னப் பெண். நெஞ்சின் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டுக் கோபமாகத் திரும்பினாள்.

"எத்தனை வருஷமா பீடி குடிக்கிறீங்கம்மா?"

குருவம்மா கொஞ்சம் யோசித்து, "கல்யாணம் ஆனதிலிருந்து" என்றாள்.

"வெக்கமா இல்ல? பொம்பளை நீங்களே இப்படிப் பண்ணினா எப்படி? இத்தோட விட்டுரணும். இல்லாட்டி நுரையீரல் தாங்காது. ஆளு மிஞ்ச மாட்டீங்க."

"சரிங்கம்மா. சொல்லிப் பாக்கேன்."

டாக்டருக்கு அந்தப் பதில் விளங்கவில்லை. அவள் வெயிலுமுத்துவைப் பார்த்து, "நீங்களாவது எடுத்துச் சொல்லக் கூடாதா சார்?" என்றாள். மரியாதையாக, சார் என்று. வெயிலுமுத்து மடித்துக் கட்டிய வேட்டிக்குள் பீடிக்கட்டு இடுப்பை உறுத்திக்கொண்டிருக்க, நெஞ்சில் ஒரு சத்தமும் இல்லாமல், இரும்புபோல நின்றார். தலையை மட்டும் ஆட்டினார்.

திரும்பி வருகிற வழியில் உப்போடைப் பாலத்தில் லாரியை நிறுத்திப் பீடிக்கட்டைத் தண்ணீரில் எறிந்தார். தீப்பெட்டியையும் எறிந்தார். குருவம்மா சன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நெசமாவா?"

"நெசமா."

"தீப்பெட்டிய எதுக்கு எறிஞ்சீக? அடுப்புக்கு ஆகும்ல" என்றாள். ஆனால் அவள் கண்ணைத் துடைத்துக்கொள்வதை அவர் பக்கக் கண்ணாடியில் பார்த்தார்.

மறுநாள் காலையில் தவசி டீயோடு பீடியையும் நீட்டியபோது வெயிலுமுத்து வேண்டாம் என்றார். அவருக்கே ஆச்சரியமாக இருந்தது. கை நடுங்கவில்லை, தலை வலிக்கவில்லை, நாக்கு தேடவில்லை. வயிறு நிறைந்தவன் இலையைத் தள்ளுவதுபோலத் தள்ளிவிட்டார். பெஞ்சு அசந்துபோனது. "முப்பது வருஷப் பழக்கத்தை ஒரே நாள்ல விட்டாரு பாருய்யா, அவன் ஆம்பளை" என்றார்கள். தவசி அன்றைக்கு டீக்குக் காசு வாங்கவில்லை. வெயிலுமுத்துவுக்கும் உள்ளுக்குள் ஒரு நிமிர்வு வந்தது. பெண்டாட்டிக்காகப் பீடியை விட்டவன் என்று தன்னைத்தானே ஒருதரம் சொல்லிப் பார்த்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

வீட்டில் குருவம்மா அடுப்படியில் உட்கார்ந்து இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து அழுத்திக்கொண்டிருந்தாள். எடுத்தால் கைகள் நடுங்கின. பக்கத்தில் உடைந்த கண்ணாடி டம்ளர் கிடந்தது. நெற்றியில் வேர்வை. உதடு வறண்டு வெடித்திருந்தது. அவளுடைய வலது கை தன்னை அறியாமல் இடுப்புக்குப் போய், சேலைக் கொசுவத்தில் எதையோ தேடி, ஒன்றும் கிடைக்காமல் திரும்பி வந்தது. பீடிக்கட்டு சொருகியிருக்கும் இடத்தில் தேடும் அவருடைய கை அது. அவர் அதைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றுவிட்டார்.

அவள் வேண்டியது நோவெல்லாம் வரட்டும் என்று. எல்லாம் என்றால் எல்லாம். குடித்த நோவு போலவே விட்ட நோவும்.

அன்று முழுக்க அவள் சாப்பிடவில்லை. மறுநாளும் இல்லை. சட்டியைத் தூக்கி எறிந்தாள், பிறகு அதைப் பொறுக்கி எடுத்து வைத்துக்கொண்டு அழுதாள். முப்பது வருஷத்தில் அவரை ஒரு சொல் ஏசாதவள், "எந்திரிச்சுப் போங்க அங்கிட்டு, மூஞ்சியப் பாத்தாலே எரியுது" என்றாள். சாயங்காலம் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு, கேட்கக் கூச்சப்பட்டுக்கொண்டு, கேட்டாள்:

"ஒண்ணே ஒண்ணு குடிச்சிட்டு வாங்களேன். என்னால தாங்க முடியல."

அவர் எழுந்து கடைக்குப் போனார். ஒரு பீடியும் வாங்கினார். பற்றவைக்கத் தீக்குச்சியை உரசியபோது சுடரின் மறுபக்கத்தில் டாக்டர் தூக்கிப் பிடித்த படம் தெரிந்தது. குடித்தால் அவள் நெஞ்சு எரியும். குடிக்காவிட்டால் அவள் உடம்பு எரியும். அவருக்கு எப்படியும் ஒன்றுமில்லை. அவர் இந்தப் பக்கம் திரும்பினாலும் அந்தப் பக்கம் திரும்பினாலும் மிதிபடுவது அவளாகவே இருந்தது. நான் செய்த நல்லதுக்குக்கூட இவள்தானா கூலி கொடுக்கிறாள் என்று நினைத்தபோது, குச்சி விரலைச் சுட்டது. அதுவும் அவருக்கு வலிக்கவில்லை. வீட்டில் அவளுக்கு விரல் கொப்பளித்திருந்ததைப் போய்த்தான் பார்த்தார்.

அவருக்கு வந்த கோபம் முதலில் தவசி மேல் போனது, பிறகு மேனேஜர் மேல், தர்மகர்த்தா மேல், பெஞ்சில் சிரித்தவர்கள் மேல். ஒவ்வொருவர் முகத்திலும் போய் முட்டிவிட்டு அது திரும்பி அவரிடமே வந்தது. கடைசியில் அம்மன் மேல் போனது. அங்கேயிருந்து மட்டும் திரும்பி வரவில்லை.

செவ்வாய்க்கிழமை கோயிலுக்குப் போனார். வேப்பமரத்தடியில் வழக்கம்போல ஆண்கள் நின்றுகொண்டிருந்தார்கள். அவர் செருப்பைக் கழற்றிவிட்டுப் பெண்கள் வரிசையின் கடைசியில் போய் நின்றார்.

"யோவ் வெயிலு, அங்க எங்க போற?"

"வேண்டுறதுக்கு."

"வீட்டம்மாள அனுப்ப வேண்டியதுதான? செருப்ப யாரு பாக்கிறது?"

தர்மகர்த்தா வேகமாக வந்தார். "என்னத்த வேண்டப் போற?"

"கொடுத்ததத் திருப்பி வாங்கப் போறேன்."

"மூளை கெட்டுப் போச்சா உனக்கு? சித்திரைப் பொங்கலுக்கு எத்தனை வேன் வருதுன்னு தெரியுமா? ஊருக்கே ஒரு பேரு கெடச்சிருக்கு. ஒரு பொம்பள தானா ஆசைப்பட்டுக் கேட்டு வாங்கின வரத்தை நீ யாரு திருப்புறதுக்கு? அவ புண்ணியத்துல ஏன்யா மண்ணள்ளிப் போடுற?"

"புண்ணியமா? ஒங்க நெஞ்சுல ஒரு நாள் வச்சிருந்து பாக்கீகளா அண்ணாச்சி அந்தப் புண்ணியத்த?"

வரிசையில் யாரோ ஒரு பெண் களுக்கென்று சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பிடித்துக்கொண்டு வெயிலுமுத்து முன்னால் போனார்.

ஆனால் அம்மனுக்கு எதிரே நின்றதும் வாய் வரவில்லை. ஐம்பத்தாறு வயதுவரை அவர் ஒரு தடவைகூடத் தனக்கு இது வேண்டும் என்று நாலு பேர் கேட்கச் சொன்னதில்லை. சொல்லவேண்டிய தேவையில்லாமல் எல்லாம் வந்துகொண்டிருந்தது. பின்னால் பெண்கள் காத்திருந்தார்கள். "என் நோவு எனக்கு வரட்டும்" என்று முனகினார். ஒன்றும் நடக்கவில்லை.

பூசாரி விபூதித் தட்டை ஏந்தியபடி, "ஆம்பளைங்க கேட்டு அம்மனுக்குப் பழக்கமில்ல. அதுவும் பொம்பளைக்காக. அதுக்குன்னு இங்க ஒரு வழக்கமும் கிடையாது" என்றார். "நகருங்க."

வரிசையிலிருந்து மாடத்தியின் குரல் வந்தது. "அண்ணாச்சி, நகராதீக. நீங்க சொன்னது பத்தாது. நாங்கல்லாம் என்ன ஏதுன்னு முழுசாச் சொல்லுவோம். முழுசாச் சொல்லுங்க."

வெயிலுமுத்து முழுசாகச் சொன்னார். காலையில் பல் விளக்குவதற்கு முன்னால் குடித்ததை, பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு குடித்ததை, அவள் அடுப்பு ஊதிக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து குடித்ததை, ரத்தமாக இருமி முடித்து வாயைக் கொப்பளித்துவிட்டுக் குடித்ததை, ரயில் மாதிரி வருகிறது என்றதும் சிரித்ததை. குரல் ஏற ஏறச் சொன்னார். "அந்த இருமலெல்லாம் என்னுது. அந்தச் சளி என்னுது. அந்த நடுக்கம் என்னுது. அவ கேட்டா. நீ குடுத்தே. நான் கேக்காமலே வாங்கிக்கிட்டேன். எல்லாத்தையும் எங்கிட்டயே குடு."

கொஞ்சம் மூச்சு வாங்கிவிட்டு, யாரும் சொல்லத் துணியாததையும் சொன்னார். "நீயும் ஒரு பொம்பளதான? இத்தனை பேரு இத்தனை காலமா இந்த வாசல்ல நின்னு அவருக்கு வர்றது எனக்கு வரட்டும்னு ஒன்னையே கேக்காளுகளே, ஒருத்திகிட்டயாவது ஒனக்கு என்னடி வேணும்னு கேட்டியா? இம்புட்டுப் பெரிய காத வச்சுக்கிட்டு?"

வரிசையில் நின்ற பெண்கள் அம்மனைப் பார்த்தார்கள். அம்மன் அப்படியே கழுத்தைச் சாய்த்தபடி நின்றாள். ஒரு பூகூட விழவில்லை. வெயிலுமுத்துவின் தொண்டையில் மட்டும் ஒரு நமைச்சல் வந்தது, முள் விழுங்கியதுபோல. அதைச் செருமினார். செருமல் இருமலானது. இருமல் அவரை மடக்கி, முழங்காலில் தள்ளி, கல்தரையில் நெற்றி படும்வரை குனியவைத்தது. வாயைப் பொத்திய துண்டில் சிவப்பு. விரலில் தீக்குச்சி சுட்ட இடம் விண்விண் என்றது. கை நடுங்கத் தொடங்கியது, பிறகு முழங்கை, பிறகு தாடை. முப்பது வருஷத்துத் தாகம் ஒரே மொத்தமாக நாக்கில் வந்து உட்கார்ந்தது.

அவரைத் தாங்கிப் பிடித்து வேப்பமரத்தடிக்குக் கூட்டிவந்தார்கள். "அய்யோ பாவம், இந்தாண்ணே, ஒண்ண இழுங்க, நடுக்கம் நின்னுரும்" என்று ஒருவன் அன்போடு பீடியைப் பற்றவைத்தே நீட்டினான். அந்த வாசனைக்கு அவருடைய உடம்பு முழுவதும் ஒரு நாய்க்குட்டிபோலத் தாவியது. இப்போது குடித்தால் குருவம்மாவுக்கு ஒன்றும் ஆகாது. அவருடைய நெஞ்சு, அவருடைய பாடு. ஆனால் இந்த நெஞ்சு இன்னும் கொஞ்சம் கெட்டால் அவள் குளித்துவிட்டு, பூ வைத்துக்கொண்டு, நேராக இந்த வாசலுக்குத்தான் வருவாள் என்று அவருக்குத் தெரிந்தது. அவர் பீடியைத் தட்டிவிட்டார். தட்டிவிட முடிந்ததா, நடுங்கிய கை தானாகப் பட்டு விழுந்ததா என்று பிற்பாடு அவருக்கே சந்தேகமாக இருந்தது. எப்படியோ, விழுந்தது. குனிந்து எடுக்கவில்லை.

செருப்பைப் போடக்கூட மறந்து, சுவரைப் பிடித்துப் பிடித்து வீட்டுக்கு நடந்தார்.

குருவம்மா வாசலில் நின்றுகொண்டிருந்தாள். தண்ணீர்க்குடம் இடுப்பில் இருந்தது. குழாயடியிலிருந்து எங்கும் நிற்காமல் தூக்கிக்கொண்டு வந்திருந்தாள். கைகள் நடுங்கவில்லை. முகத்தில் ரத்தம் ஓடியிருந்தது. அவரைப் பார்த்தாள், அவருடைய துண்டைப் பார்த்தாள், அவர் இருமுவதைக் கேட்டாள். குடத்தை இறக்கி வைத்தாள். அவளுடைய கைகள் தானாகக் குவிந்தன, கண் கோயில் இருக்கும் திசைக்குப் போனது, உதடு பிரிந்தது.

"அவருக்கு வர்ற..."

வெயிலுமுத்து பதறிப்போய் அவள் வாயைப் பொத்தக் கையைக் கொண்டுபோனார். பாதி வழியில் கை நின்றது. மேனேஜர் வாயை மூடச் சொன்னார், ஆபீசில் துணி கட்டச் சொன்னார்கள், இப்போது நானுமா என்று தோன்றியது. கையைக் கீழே போட்டுவிட்டு, இருமலுக்கு நடுவே, "சொல்லு. என்ன வேணாலும் சொல்லு. ஆனா ஒனக்கு என்ன வேணுமோ அதச் சொல்லு" என்றார்.

குருவம்மா தன் கூப்பிய கையைப் பார்த்தாள். அந்தக் கேள்வியை எங்கே வைப்பது என்று தெரியாதவள்போல நின்றாள். பிறகு கையைப் பிரித்து முந்தானையில் துடைத்துக்கொண்டாள்.

"அவருக்கு வந்தது அவருக்கே இருக்கட்டும்" என்று சத்தமாக, கோயிலுக்கும் தெருவுக்கும் கேட்கச் சொன்னாள். அவரிடம் திரும்பி, "நாளைக்கு ஆபீசுக்குப் போயி என் எடத்தத் திருப்பிக் கேப்பேன். தரலன்னா அந்த மேனேஜர உண்டு இல்லைன்னு ஆக்கிருவேன். நீங்க வந்து கேட்டுல நில்லுங்க, உள்ள வராதீக" என்றாள். "இப்ப உக்காருங்க. சுடுதண்ணி மட்டும் நான் வச்சுத் தாரேன்."

கொதிக்கக் கொதிக்க டம்ளரில் ஊற்றிக் கொண்டுவந்து, அவருக்கு எதிரே உட்கார்ந்து, உதட்டைக் குவித்து ஊதி ஆற்றினாள். அவர் நடுங்கிக்கொண்டே அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். டம்ளரிலிருந்து ஆவி வந்தது. அவள் வாயிலிருந்து வெறும் காற்று வந்தது.